நாலு மணிச் சோறு

என்னைப் பார்க்க வருகிறவர்கள் நாற்காலியில் உட்கார்ந்ததும் கேட்கிற முதல் கேள்வி, "எப்படி வந்துச்சு?" அடுத்தது, "ஐயையோ, முடியெல்லாம் கொட்டிப்போச்சே!" கொட்டியது எனக்குத் தெரியாதா? சீப்பு என் கையில்தானே இருக்கிறது! வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன். இனி யார் கேட்டாலும் இந்தத் தாள்களைக் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வேன். சாப்பிடப்போகிற நேரத்தில் மட்டும் இதைப் படிக்காதீர்கள்.

புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இரண்டாவது கோடை அது. என் கணவரின் அண்ணன் சைகோனைக் காலி செய்துகொண்டு, மனைவி செசீல் அக்காவோடும் நான்கு பிள்ளைகளோடும் கப்பலில் வந்து இறங்கினார். மூலக்குளத்தில் மனை பார்த்து வீடு கட்டும்வரை எங்களோடு இருப்பதாக ஏற்பாடு. அதே சமயம் பள்ளி விடுமுறைக்கென்று காரைக்காலிலிருந்து என் நாத்தனாரும் பிள்ளைகளோடு வந்துவிட்டாள். எங்கள் பக்கம் நானும் அவரும், இரண்டு பையன்களும், கடைக்குட்டி ரோசாலியும். அவர் சுங்க அலுவலகத்தில் எழுத்தர். மாதா கோயிலுக்குப் பின்தெருவில் எங்கள் வீடு. கூடம் பெரிது, அடுப்படி சின்னது. அந்தச் சின்ன அடுப்படியில் இத்தனை பேருக்கும் உலை வைத்தவள் நான்.

பகல் பன்னிரண்டுக்கு முதல் பந்தி. கூடத்து மேசையில் என் கணவரும் அவர் அண்ணனும், யாராவது பார்க்க வந்திருந்தால் அவர்களும். இரண்டாவது பந்தி பிள்ளைகள். அதைப் பந்தி என்று சொல்ல முடியாது, சண்டை என்றுதான் சொல்ல வேண்டும். மூன்றாவது செசீல் அக்காவும் நாத்தனாரும். நான் பரிமாறுவேன். ரோசாலி தண்ணீர் ஊற்றுவாள், தட்டு எடுப்பாள், மேசை துடைப்பாள். அவளுக்குப் பதினொரு வயது. பையன்கள் இரண்டு பேரும் அவளைவிடப் பெரியவர்கள். அவர்களுக்குத் தட்டு எடுக்கிற கையை மட்டும் ஆண்டவர் கொடுக்க மறந்துவிட்டார் போலிருக்கிறது.

எல்லாம் ஓய்ந்து, பாத்திரத்தை ஒழித்துப் போட்டு, நானும் ரோசாலியும் அடுப்படித் தரையில் உட்காரும்போது மணி நாலாகிவிடும். காலையில் வடித்த சோறு. வெளியே மே மாதத்து வெயில், தலைக்குமேல் ஓடு, பக்கத்தில் அணையாத அடுப்பு. சோற்றைத் தொட்டால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டும். மீன்குழம்பின்மேல் ஏடு படிந்திருக்கும். கரண்டியைத் தூக்கினால் நூல் மாதிரி ஒன்று கூடவே எழும்பும். பிள்ளைகள் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துபோன சோறு, பாதி கடித்த வறுவல், யாரோ சப்பிப் போட்ட முருங்கைக்காய்க்குப் பக்கத்தில் தப்பிப் பிழைத்த நல்ல முருங்கைக்காய், எல்லாவற்றையும் ஒரே குண்டானில் வழித்துப் போடுவேன். கொஞ்சம் மோர் ஊற்றி ஊறுகாயையும் சேர்த்துப் பிசைந்துவிட்டால் நாற்றம் தெரியாது. ஒரு கையால் ஈ ஓட்டிக்கொண்டு மறு கையால் சாப்பிடுவோம். ரோசாலி மூக்கைச் சுளித்தால், "சோத்தக் கொட்டுனா பாவம்டி, தின்னு" என்பேன்.

எழுதும்போதே குமட்டுகிறது. ஆனால் எங்கள் வீட்டில் இதை அசிங்கம் என்று யாரும் நினைத்ததில்லை. என் அம்மா வீட்டிலும் அப்படித்தான், அடுத்த வீட்டிலும் அப்படித்தான். பரிமாறுகிறவள் கடைசியில் சாப்பிடுவாள், மிச்சத்தைச் சாப்பிடுவாள். அந்த வீட்டுப் பெண்பிள்ளை அவளோடு உட்காருவாள். செசீல் அக்கா வந்த புதிதில், "மரி, நீயும் வந்து உக்காரு. அங்க நாங்கல்லாம் ஒண்ணாத்தான் சாப்டுவோம்" என்று கூப்பிட்டார். "நீங்க உக்காருங்கக்கா, நான் அப்புறம் பாத்துக்கறேன்" என்றேன். இப்படியே சில நாள் கூப்பிட்டார். பிறகு கூப்பிடவில்லை. அவருக்கும் எங்கள் வீடு பழகிவிட்டது.

முதலில் தலைவலிதான் வந்தது. வெயில் வேக்காடு என்றார்கள். நாத்தனார் இளநீர் வெட்டிக் கொடுத்தாள். பிறகு காய்ச்சல். காலையில் கொஞ்சம் தணியும், சாயங்காலம் முந்தின நாளைவிட ஒரு படி மேலே ஏறும். நாக்கு வெள்ளையாகத் தடித்துவிட்டது. வயிறு உப்பிக்கொண்டு வலித்தது. அப்போதும் சமைத்தேன். வேறு யார் சமைப்பார்கள்? ஒருநாள் சோறு வடிக்கக் குனிந்தபோது கண் இருட்டிக்கொண்டு வந்து, அம்மிக்குப் பக்கத்தில் விழுந்துவிட்டேன். ரோசாலி அலறியது மட்டும் காதில் விழுந்தது. அந்த அலறலைக் கேட்டுக் கூடத்திலிருந்து அவள் பெரியப்பா, "இன்னா சத்தம் அங்க? சோறு ஆயிடுச்சா?" என்று கேட்டாராம். ரோசாலி பிறகு சொன்னாள். நல்ல மனிதர்தான். பசி நேரம்.

"ஒப்பித்தாலுக்கே கொண்டுபோயிடலாம்" என்று என் கணவர் புஸ்புஸ் வண்டி பிடித்து வந்தார். பின்னாலிருந்து ஆள் தள்ளுகிற அந்த வண்டி கல்லில் ஏறி இறங்கும்போதெல்லாம் என் வயிற்றுக்குள் யாரோ அம்மி அரைத்தார்கள். அவர் வண்டிக்குப் பக்கத்திலேயே குடை பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். வியர்த்து ஒழுகியது. அதையும் சொல்ல வேண்டும் அல்லவா, சொல்லிவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டு நீளமான கூடம். இரண்டு பக்கமும் இரும்புக் கட்டில்கள். பினாயில் வாடைக்கு அடியில் மூத்திர வாடை, அதற்கும் அடியில் இன்னும் என்னென்னவோ. கூடத்தின் கோடியில் கக்கூஸ். அங்கே தினமும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினார்கள், வாளி மட்டும்தான் சுத்தமாயிற்று. எனக்கு எழுந்து போகவும் தெம்பில்லை. படுக்கையிலேயே தட்டு வைத்தார்கள். பட்டாணியை அரைத்துக் கரைத்த மாதிரி போயிற்று. என் உடம்பிலிருந்து வந்ததா இது என்று முகத்தைத் திருப்பிக்கொள்வேன். வார்டைக் கவனித்துக்கொண்ட மாசேர், வெள்ளை அங்கி போட்ட வயதான கன்னியாஸ்திரி, முகம் சுளிக்காமல் எடுத்துப் போவார். ஆனால் யாராவது கை கழுவாமல் கட்டிலைத் தொட்டால் அவர் போடுகிற சத்தம் கடற்கரைக்குக் கேட்கும்.

டாக்டர் தமிழர்தான், மெலிந்த ஆள், மூக்குக்கண்ணாடி. என் வயிற்றை அழுத்திப் பார்த்தார். இடுப்புக்குமேல் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று தேடினார். என் கறுப்புத் தோலில் என்ன தெரியும்? பிறகு கட்டில் பக்கத்தில் நின்ற என் கணவரிடம் கேட்டார்.

"சாப்பாட்டுலயோ தண்ணியிலயோ வர்ற காய்ச்சல் மாதிரி இருக்கு. வீட்டுல வேற யாருக்காவது இருக்கா?"

"யாருக்கும் இல்லிங்க முசே. அத்தன பேரும் கல்லு மாதிரி இருக்கோம்."

"இவங்க தனியா எதாவது சாப்டாங்களா? வெளியில?"

"இல்லிங்க. எல்லாரும் சாப்ட்டதுதான் இவளும் சாப்ட்டா. ஒரே உலை, ஒரே குழம்பு."

பெருமையாகத்தான் சொன்னார். பொய்யும் இல்லை. டாக்டர் யோசித்தார். ஒரே உலையில் சாப்பிட்ட அத்தனை பேரும் நன்றாக இருக்க, ஒருத்திக்கு மட்டும் எப்படி என்று அவருக்குப் பிடிபடவில்லை. இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அந்தச் சோதனையை மாசேர் எனக்கு விளக்கினார். இரத்தத்தை உறையவைத்தால் மேலே நீர் தெளிந்து நிற்குமாம். அதில் செத்த கிருமியைக் கலந்தால், விஷக்காய்ச்சல் உள்ள உடம்பாக இருந்தால் பால் திரிவதுபோலத் திரியுமாம். எனக்குத் திரியவில்லை. காய்ச்சல் தொடக்கத்தில் எடுத்தால் சில பேருக்குத் திரியாதாம். அதனால் மலேரியாவாக இருக்கலாம் என்று கொயினா மாத்திரை கொடுத்தார்கள். காதுக்குள் கோயில் மணி அடித்ததுதான் மிச்சம். காய்ச்சல் அது பாட்டுக்கு ஏறியது. சில நாள் என்ன பேசினேன் என்றே எனக்குத் தெரியாது. உலை பொங்குகிறது, மூடியை எடு என்று கத்தினேனாம். செத்துப்போகிறவள் சொல்லுகிற பேச்சைப் பாருங்கள்!

மறுபடி எடுத்த இரத்தம் திரிந்தது. விஷக்காய்ச்சல், டைபாய்டு. குடலில் புண் விழுகிற காய்ச்சல். புது மாத்திரை ஒன்று வந்திருந்தது. அதைத் தேடி என் கணவர் சைக்கிளில் ஊரிலுள்ள மருந்துக் கடை எல்லாம் ஏறி இறங்கினார். விலையைக் கேட்டு முகம் சுண்டியது, ஆனாலும் வாங்காமல் திரும்பவில்லை. கெட்டியாக எதுவும் சாப்பிடக் கூடாது, மீறினால் குடல் ஓட்டையாகிவிடும், அப்புறம் ஒன்றும் செய்வதற்கில்லை என்று மாசேர் தினமும் காலை ஜெபம் போலச் சொல்வார். பார்லித் தண்ணீர், சாத்துக்குடிச் சாறு, மறுபடியும் பார்லித் தண்ணீர். கஞ்சி போட்ட வேட்டியைப் பிழிந்து குடித்தால் அப்படித்தான் இருக்கும்.

பக்கத்துக் கட்டிலில் குருசுக்குப்பத்துச் செங்கேணி. மீன் விற்கிறவள். அவளுக்கும் இதே காய்ச்சல், எனக்கு முன்னாலேயே வந்து படுத்தவள். "இன்னாம்மா இது, மாட்டுக்குக் காட்டற கழனித்தண்ணிய மனுசனுக்குக் குடுக்கறாங்க!" என்று தினமும் சண்டை. ஒருநாள் அவள் புருஷன் மடியில் வாழை மட்டை சுற்றி வறுத்த வஞ்சிரம் கொண்டுவந்துவிட்டான். வார்டு முழுக்க மணந்தது. எனக்கு அந்த வாடையில் குடித்த பார்லி அத்தனையும் வெளியே வந்தது. மாசேர் ஓடி வந்து மட்டையைப் பிடுங்கி, மீனை ஜன்னல் வழியே எறிந்தார். "ஐயோ, எம் மீனு!" என்று செங்கேணி ஒப்பாரி வைத்தாள். அழுது முடித்துவிட்டு எழுந்து வந்து, தன் ஓலை விசிறியால் எனக்கு விசிறினாள். "உன்னாலதான் மாட்டிக்கினேன்" என்று திட்டிக்கொண்டே விசிறினாள்.

எங்கள் வீட்டுக்காரர்களும் வருவார்கள். கூட்டமாக வந்து என் கட்டிலிலேயே உட்கார்ந்து, கடலை தின்று, தோலை என் போர்வையில் ஊதுவார்கள். "மரி இல்லாம வூடே வூடா இல்ல" என்று நாத்தனார் கண்ணைத் துடைப்பாள். அதே மூச்சில், "புளி எங்க வச்சிருக்க?" என்று கேட்பாள். அவர்கள் போன பிறகு கடலைத்தோலைத் தட்டிவிடக்கூட எனக்குக் கை எழும்பாது. இப்படி ஒரு பாசம் யாருக்கு வேண்டும் என்று தோன்றும்.

மாத்திரை வேலை செய்து, காய்ச்சல் இறங்கத் தொடங்கிய ஒரு காலையில் டாக்டர் கட்டிலருகே வந்து நின்றார். அவருக்கு அந்த ஒரே உலை விஷயம் மனத்தில் உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. இந்த முறை என்னிடம் கேட்டார்.

"மதாம், நீங்க பகல் சாப்பாடு எத்தன மணிக்குச் சாப்டுவீங்க?"

இதுவரை யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. "நாலு மணி ஆயிடும் முசே" என்றேன்.

"பன்னெண்டுக்கு ஆக்கினதயா?"

"அதத்தான். எல்லாரும் சாப்ட்ட மிச்சம். தட்டுல உள்ளதும் சேந்திருக்கும்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். இந்தக் கிருமி மலத்திலிருந்து வருவது, ஈக்காலில் ஏறிச் சோற்றில் இறங்கும், கழுவாத கையிலிருந்தும் இறங்கும், சூடான சோற்றில் கொஞ்சமாக இருப்பது ஆறிய சோற்றில் வெக்கையில் மணிக்கு மணி பெருகும் என்று நிதானமாகச் சொன்னார். நான் எதைத் தின்றுகொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் புரிந்தது. வாந்தி எடுக்க வயிற்றில் ஒன்றுமில்லை. வெறுமனே ஓங்கரித்தேன்.

"அந்த நேரத்துல உங்ககூட வேற யாராவது சாப்டுவாங்களா?"

எழுந்து உட்காரப் பார்த்தேன்.

"எம் பொண்ணு" என்றேன். "ஒரே குண்டான்ல."

"இப்ப நீங்க இங்க இருக்கீங்களே, அந்த மிச்சத்த அங்க யார் சாப்டறாங்க?"

அழ ஆரம்பித்துவிட்டேன். என் சாவுக்கு நான் அழவில்லை. காய்ச்சல் மயக்கத்தில் உலையைப் பற்றிப் பேசியவள், அந்தப் பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லையே! என் கட்டிலுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டில் போடுவார்கள், அதில் பதினொரு வயது உடம்பு கிடக்கும், அதன் குடலிலும் புண் விழும் என்று அன்று முழுக்க நினைத்தேன். செங்கேணி, "கம்முனு கிட யம்மா, புள்ளைக்கு ஒண்ணும் ஆவாது" என்று தலையைத் தடவினாள். அவள் கையில் மீன் வாடை அடித்தது. பரவாயில்லை என்று பிடித்துக்கொண்டேன்.

ரோசாலியை அழைத்து வந்தார்கள். இளைத்திருந்தாள். இரண்டு கையிலும் கரி. "நான்தாம்மா எல்லாம் ஒழிச்சு வைக்கறேன். பெரியம்மா ஆக்கறாங்க, நான் பரிமாறறேன்" என்றாள், பெரிய மனுஷி மாதிரி. இரத்தம் எடுத்தபோது அழவில்லை. மாசேர் கன்னத்தில் தட்டினார். முடிவு வரும்வரை சாத்துக்குடிச் சாற்றைக்கூட நான் தொடவில்லை.

அவள் இரத்தம் திரியவில்லை. டாக்டர் என் கணவரைக் கூப்பிட்டு, என் முன்னாலேயே சொன்னார். "இப்ப இல்ல. ஆனா இனிமே வராதுன்னு அர்த்தம் இல்ல. தண்ணி காய்ச்சிக் குடிங்க. ஆக்கினத சூட்டோட எல்லாரும் சாப்டணும். மிச்சத்த அந்தப் புள்ளைக்குக் குடுக்காதீங்க." அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். வெளியே வராந்தாவில் நின்ற தன் அண்ணனிடம் போய் என்ன சொன்னார் தெரியுமா? எனக்குக் கேட்டது. "புள்ளைக்கு ஒண்ணுமில்லயாம்." அவ்வளவுதான் சொன்னார்.

நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒண்ணுமில்லை என்கிற வார்த்தை எனக்கும் வேண்டியிருந்தது. டாக்டர் சொன்னது இவ்வளவு தெளிவாக இருக்க, மறந்தா போய்விடுவார்கள் என்று நம்பினேன்.

வீட்டுக்கு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் பிழைத்து வந்ததைக் கொண்டாட வீட்டில் கோழி அடித்திருந்தார்கள்! எனக்கு மட்டும் குழைந்த கஞ்சி. கூடத்தை ஒட்டிய அறையில் படுக்கை போட்டு, தலையணை இரண்டு வைத்து, செசீல் அக்கா தன் கையால் கஞ்சி ஊட்டினார். பையன்கள் கால் பிடித்துவிட்டார்கள். இத்தனை கவனிப்பு என் கல்யாணத்தன்றுகூடக் கிடைத்ததில்லை. பந்தி நடந்தது. முதல் பந்தி, பிள்ளைகள் பந்தி, பெண்கள் பந்தி. கஞ்சி குடித்த களைப்பில் கண் அசந்துவிட்டேன்.

விழித்தபோது வீடு அமைதியாக இருந்தது. ஆண்கள் கூடத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். அடுப்படியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. குண்டானைக் கரண்டியால் சுரண்டுகிற சத்தம். எனக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். சுவரைப் பிடித்து, கதவைப் பிடித்து, நடந்து போனேன்.

ரோசாலி தரையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். முன்னால் அதே குண்டான். வழித்துப் போட்ட சோறு, கோழிக்குழம்பு, கடித்த எலும்புகள். ஒரு கையால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"யார்டி இத உன்ன தின்னச் சொன்னது?"

"யாரும் சொல்லலம்மா. எல்லாரும் சாப்ட்டாச்சு. நீங்கதான சொல்லுவீங்க, கொட்டுனா பாவம்னு."

அவளை அடிக்கக் கை வரவில்லை. குண்டானைத் தூக்கினேன். அப்போது எனக்கிருந்த தெம்புக்கு அது கல்லாகக் கனத்தது. கூடத்துக்குக் கொண்டுபோய், படுத்திருந்த என் கணவரின் தலைமாட்டில் டங்கென்று வைத்தேன். அவரும் அவர் அண்ணனும் பதறி எழுந்தார்கள். பின்னாலேயே ரோசாலி வந்து நின்றாள்.

"என்ன மரி, ஏன் எழுந்து வந்த?"

"சாப்புடுங்க."

"இப்பதான சாப்ட்டேன்."

"ஒரு வாய் சாப்புடுங்க. எல்லாரும் சாப்ட்டதுதான். ஒரே உலை, ஒரே குழம்பு."

அவர் குனிந்து பார்த்தார். வாடை மூக்கில் ஏறியது. முகத்தை வெடுக்கென்று திருப்பிக்கொண்டு, "சீ! ஊசிப்போச்சு, நாத்தம் புடுங்குது. எடுத்துட்டுப் போய் கொட்டு" என்றார்.

"உங்க பொண்ணு இத்தன நேரம் அதத்தான் தின்னுக்கிட்டு இருந்தா."

அவர் ரோசாலியைப் பார்த்தார். அவள் கையைப் பார்த்தார். விரல்களில் அந்தச் சோறு ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். அவர் அண்ணன் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு என் கணவர் எழுந்து, அவளைக் கிணற்றடிக்கு அழைத்துப்போய், தானே தண்ணீர் சேந்தி, சோப்புப் போட்டு அந்தக் கையைக் கழுவினார். திரும்பத் திரும்பக் கழுவினார். கழுவட்டும். டாக்டர் சொல்லி ஏறாதது மூக்கு வழியாகத்தான் ஏற வேண்டியிருந்தது அந்த மனிதருக்கு. எனக்கு வெறுப்பு இன்னும் ஆறவில்லை. ஆறும் என்றும் சொல்ல மாட்டேன்.

மறுநாள் பன்னிரண்டுக்கு முதல் ஆளாக ரோசாலியை மேசையில் உட்கார வைத்தேன், பக்கத்தில் நானும் என் கஞ்சியோடு உட்கார்ந்தேன். செசீல் அக்கா எதிரில் வந்து உட்கார்ந்தார். பையன்கள் தண்ணீர் ஊற்றினார்கள், பாதி மேசையில் ஊற்றினார்கள். சைகோன்காரர் வாசலில் நின்று ஒரு தடவை தொண்டையைச் செருமிவிட்டு, தானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அவர், என் கணவர், சட்டியிலிருந்து சோற்றை அள்ளி ரோசாலி தட்டில் போட்டார். அவள் எங்கள் எல்லோரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, எப்போதும்போலக் கையை வைத்தவள் சட்டென்று எடுத்துக்கொண்டு விரல்களை ஊதினாள்.

"அம்மா," என்றாள், "சுடுது."